ஐந்து மாட்யூலும் ஒரு மரணமும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய ராஜாராமன் ஐயா அவர்களே, கங்கையின் அக்கரையிலிருந்து படகேறியும் இக்கரையில் பஸ் ஏறியும் வந்து சேர்ந்த பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் ஓடிவந்த தாய்மார்களே, தமிழில் கேட்டு வங்காளத்தில் பதில் சொல்லும் தம்பி தங்கைகளே, ஹவுரா லோகோ ஷெட்டில் உழைக்கும் பன்னீர்செல்வத்தின் வணக்கம்.

நம் செயலாளர் மகேஷ் சற்றுமுன் ஆண்டறிக்கை வாசித்தார். நம் தமிழ்ச் சங்கம் சாவு வீட்டுக்குச் செய்யும் உதவியை ஐந்து மாட்யூலாக, ஒன்றுக்கு ஒரு குழுவாகப் பிரித்ததால், இந்த 2004-இல் வேலை சுலபமாகிவிட்டதாம். நீங்களும் கை தட்டினீர்கள். எனக்குக் கை எழவில்லை.

மாட்யூல் எனக்குப் புதிதா? எஞ்சினுக்குள் எலக்ட்ரானிக் கார்டு கெட்டுப்போனால், உருவி எடுத்து வேறு ஒன்றைச் செருகுகிறோம், அதுவும் மாட்யூல்தான். என் மகள் கவிதா கம்ப்யூட்டர் படிக்கிறாள். பெரிய புரோகிராமைத் துண்டு துண்டாக எழுதிக் கோப்பதையும் அப்படித்தான் சொல்கிறாள். ஆபீஸ் பயிற்சியில் பாடம் ஒரு மாட்யூல். பாலிகஞ்ச் புது ஃபிளாட்டில் சமையலறை அலமாரிகூட மாட்யூலர். என்ன அம்மா சிரிக்கிறீர்கள், உங்கள் வீட்டிலும் போட்டாயிற்றா? போடுங்கள், நன்றாக இருங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கார்டை மாற்றியதும் எஞ்சினை ரயிலில் மாட்டி அனுப்பிவிடுவோமா? மாட்டோம். ஓட்டிப் பார்த்து, முழு எஞ்சினுக்கும் நான் பொறுப்பு என்று ஒரு மனிதன் கையெழுத்துப் போட வேண்டும். துண்டுக்கு ஒரு ஆள் இருக்கலாம். முழுமைக்கும் ஒரு ஆள் வேண்டாமா? இரும்புக்கு இருக்கிற அந்த மரியாதை இறந்தவனுக்கு இல்லையா?

போன மாதம் டாலிகஞ்சில் ஸ்ரீனிவாசராகவன் காலமானார். துறைமுக ஆபீசுக்கு மாற்றலாகி வந்து மூன்றே மாதம். மனைவி சாவித்ரிக்கு வங்காளமும் தெரியாது, வாசல் தாண்டினால் வழியும் தெரியாது. நம் குழுக்கள் பறந்தன. ஒரு குழு டாக்டர் சான்றிதழ் வாங்கியது, போனது. ஒரு குழு சாஸ்திரிகளுக்குச் சொன்னது, போனது. ஒரு குழு வண்டி பேசியது, போனது. ஒரு குழு சாப்பாட்டைக் கொடுத்தது, போனது. ஒவ்வொன்றுக்கும் எதிரே மகேஷ் அழகாக டிக் போட்டார்.

காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை அந்த அம்மாள் கணவரின் உடலோடு தனியாக இருந்தார். நான்கு மணிக்கு எதிர்வீட்டு பௌதி, நம் ஊர் வழக்கில் அண்ணி, எட்டிப் பார்த்து, "ஆப்னாதேர் கேவு நேய்?" என்றாளாம். உங்கள் மனிதர்கள் யாரும் இல்லையா என்று கேட்டிருக்கிறாள். கேட்டவள் போகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மகேஷ், தலை குனியாதீர்கள். ஐந்தாவது குழு யார் தெரியுமா? உடலைக் கிடத்த ஐஸ் கொண்டுபோனவன். அது நான். பாளத்தை இறக்கினேன். அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆறுதல் சொல்வது வேறு குழுவின் வேலை என்று நினைத்தேன், படி இறங்கிவிட்டேன். அப்படி ஒரு குழுவே இல்லை ஐயா. உங்கள் மேல் எனக்குக் கோபம். அதைவிடப் பெரிய கோபம் என் மேல்.

முந்தாநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெல்லச் சொன்னார்: "எல்லாரும் வந்தா அண்ணா. ஒருத்தரும் உக்காரலை."

மணி அடிக்காதீர்கள் தலைவரே, முடிக்கிறேன். குழுக்கள் இருக்கட்டும். ஆனால் இனி நம்மில் எவர் வீட்டில் சாவு விழுந்தாலும், முதலில் போகிறவர் கையில் எந்த வேலையும் இருக்கக் கூடாது. போகட்டும், உட்காரட்டும், சுடுகாடு போனவர்கள் திரும்பும்வரை எழுந்திருக்காமல் இருக்கட்டும். இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன். முதல் பெயராக என் பெயரை எழுதுங்கள். இரண்டாவது பெயர் யாருடையது? சொல்லுங்கள், சொன்ன பிறகுதான் இறங்குவேன்.

அதோ, நடு வரிசையில், எதிர்வீட்டு பௌதிக்குப் பக்கத்தில் ஒரு கை. சாவித்ரி அம்மா, நீங்களா?

எழுதிக்கொள்ளுங்கள் மகேஷ். நன்றி சபையோரே, எல்லோருக்கும் என் வணக்கம்.