ஹிஸாமுக்கு நான் தேர்ந்துகொடுத்த துப்பாக்கி

துப்பாக்கி வாங்க வருகிறவன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும், ஷேக். இதை நான் என் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வேன். பசியோடு வருகிறவன் கண்ணுக்குச் சின்னத் துப்பாக்கி தெரியாது. நீளமாக, கனமாக, பளபளவென்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவான். வீட்டில் சூடாக ஸல்தாக் குழம்பும் ரொட்டியும் உள்ளே போன பிறகுதான், இதை எதற்கு வாங்கினோம் என்று யோசிப்பான். புதன்சந்தையில் இருபத்திரண்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். இந்த ரத்மானிடம் வாங்கியது சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தவன் ஒருவனும் கிடையாது.

அதனால்தான் நேற்று உங்கள் முற்றத்தில் நடந்ததைப் பார்த்துவிட்டு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை.

இரண்டு தரப்பும் வழக்கப்படி தங்கள் துப்பாக்கிகளை உங்கள் காலடியில் வைத்தார்கள். ஷேக் ஸர்ஹான் என்ன தீர்ப்புச் சொன்னாலும் சம்மதம் என்பதற்கு அதுதான் பிணை. செத்துப்போன ஆட்டு வியாபாரி தப்வானின் தம்பிகள் ஐந்து துப்பாக்கி வைத்தார்கள். சுட்ட ஹிஸாமின் ஆட்கள் மூன்று வைத்தார்கள். வேண்டுமென்றே சுட்டான், உயிருக்கு உயிர் என்றார்கள் தம்பிகள். பாறைமேல் நின்ற சிறுத்தையைத்தான் சுட்டேன், குழல் கோணல், குண்டு இடப்பக்கம் ஒதுங்கிக் கீழே ஏறிவந்த தப்வான்மேல் பட்டுவிட்டது என்றான் ஹிஸாம். நீங்கள் அந்தத் துப்பாக்கியை வரவழைத்து, எல்லோர் முன்னிலையிலும் ஹிஸாம் சுட்ட அதே தூரத்தில் ஒரு வெள்ளைக் கல்லைக் குறிவைத்து மூன்று தடவை சுடச் செய்தீர்கள். மூன்றும் கல்லுக்கு ஒரு முழம் இடப்பக்கம் போயின. கூட்டம் பெருமூச்சு விட்டது. தம்பிகளின் முகமே இளகிவிட்டது. இனி நாளைக் காலை தப்வான் வீட்டு வாசலில் ஹிஸாம் இரண்டு காளைகளை அறுத்து மன்னிப்புக் கேட்டால் முடிந்தது. ஓர் உயிர் பிழைத்தது. எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் குழல் நுனியிலுள்ள குறிமுனையை யாரோ கல்லால் தட்டியிருக்கிறார்கள், ஷேக். தட்டின இடத்தில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. உங்கள் வீட்டுச் சுவரிலும் சுண்ணாம்புதான், இந்த ஊரில் எத்தனையோ சுவரில் சுண்ணாம்புதான். யார் கை என்று நான் கேட்கவில்லை. சமாதானத்தை விரும்புகிற கை என்று மட்டும் தெரிகிறது.

"ரத்மான், நீ கிஷ்ர் குடிக்கத்தானே வந்த? குடிச்சிட்டுக் கெளம்பு," என்கிறீர்கள். குடிக்கிறேன். காப்பித்தொலியோடு இஞ்சியும் நன்றாக விழுந்திருக்கிறது. மூலையில் உட்கார்ந்திருக்கிற எழுத்தர் பேனாவை மூடவேண்டாம்.

காட்டு மிருகத்துக்குத் துப்பாக்கி தேர்ந்தெடுப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. எல்லோர் வீட்டிலும் ஏகே இருக்கிறது. அது கல்யாணத்துக்கும் சண்டைக்கும் ஆனது. மிருகத்தைச் சுட்டால் தோலும் மிஞ்சாது, கறியும் மிஞ்சாது. சோளக்கொல்லையில் இறங்குகிற நாய்மூஞ்சிக் குரங்குக்குச் சத்தம் போதும். பழைய ஒற்றைக்குழலில் வெறும் மருந்தைக் கெட்டித்துப் போட்டாலே மலைக்கு அந்தப்பக்கம் போய்விடும். கழுதைப்புலி ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் வரும், இருபது முப்பது அடியில் நிற்கும். அதற்கு இரட்டைக்குழல், தடித்த ரவை. தூரத்துக் காட்டாட்டுக்கு மட்டும்தான் நீண்ட ரைஃபிள். இன்னொன்று, எந்த மிருகம் என்பதைவிட யார் கையில் என்பதுதான் முக்கியம். கை நடுங்குகிறவனுக்கு ரவை கொடு. கோபக்காரனுக்கு ஒற்றைத் தோட்டாக் கொடு, மறுபடி போடுவதற்குள் கோபம் ஆறும். கண் தெரியாதவனுக்கு நாய் கொடு.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, சரி, அந்த ஒற்றைக்குழலே போதும் என்று எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள். மலையில் மிருகம் குறைந்துவிட்டது, ஷேக். என் தொழிலுக்கு அது நல்லதில்லை. எனவே ஒரு சிறுத்தையை வரவழைத்தேன்.

நீங்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டீர்கள். ஆறிவிடும், குடியுங்கள்.

வாதுமைக் கட்டையில் ஒரு பாதம் செதுக்கினேன். நாலு விரல், ஒரு குதிமேடு. முதலில் நகமும் வைத்தேன். பிறகுதான் சிறுத்தை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அவற்றைச் சீவிவிட்டேன். எந்த வேலையானாலும் சுத்தமாக இருக்கவேண்டும். அதைக் கைத்தடியின் நுனியில் மாட்டி, மழை பெய்த மறுநாள் காலையில் ஊற்றுப் பாதையிலும் படிவயல் ஓரத்திலும் பதித்துக்கொண்டு போவேன். நடை உடம்புக்கும் நல்லது. இரண்டே வாரத்தில் மூன்று ஊர் ஜனங்கள் சிறுத்தையைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள். மேலூர்க்காரன் ஒருவன் அதன் மீசையைக்கூட எனக்கு வர்ணித்தான். நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். தண்ணீருக்குப் போன ஒரு பெண் எதையோ பார்த்துப் பயந்து ஓடி, படிவயல் சுவரிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். இன்னும் எழுந்து நடக்கவில்லை என்கிறார்கள். அவள் புருஷனுக்கு நல்ல இரட்டைக்குழல் ஒன்று தேர்ந்துகொடுத்தேன்.

தப்வான் மட்டும் நம்பவில்லை. ஊர் ஊராகப் போய் ஆடு பிடிக்கிறவன், தரையைப் பார்த்தே நடக்கிறவன். ஒரு புதன்கிழமை என் கடை வாசலில் வந்து குந்தினான்.

"ஏன் ரத்மான் அண்ணே, ஒங்க சிறுத்தைக்கு நாலு காலும் இடது முன்னங்காலா இருக்கே, கவனிச்சீங்களா?"

நான் கவனிக்கவில்லை. ஒரே ஒரு பாதம்தானே செதுக்கியிருந்தேன். அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். மெல்லுவதற்குக் காத் இலையில் நல்ல கொழுந்தாகப் பார்த்துக் கொடுத்தேன். என்ன வேண்டும், கேள் என்றேன்.

"என்னத்தக் கேக்க? சிரிக்கிறதுக்கு எவனாவது கூலி கேப்பானா?"

"ஒரு ரைஃபிள் எடுத்துக்க. ஆட்டுத் தோல்ல ஒறை தச்சுத் தரேன்."

"எனக்கெதுக்கு அண்ணே? எனக்குத்தான் சிறுத்தைய நல்லாத் தெரியுமே."

அன்றிலிருந்து ஒவ்வொரு புதனும் வந்தான். நம் ஊரில் ஒரு மனிதனைப் பிள்ளையின் பெயரைச் சேர்த்து இன்னாருடைய தகப்பன் என்று மரியாதையாகக் கூப்பிடுவோம் அல்லவா? அவன் சந்தை நடுவில் நின்றுகொண்டு, "சிறுத்தைக்குத் தகப்பனே! பிள்ள சௌக்கியமா? பல்லு மொளச்சிருச்சா?" என்று குரல் கொடுப்பான். அர்த்தம் தெரியாமலேயே பக்கத்துக் கடைக்காரர்களும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

நான் பேரம் பேசுகிறவர்கள் மத்தியில் வளர்ந்தவன். பேராசைக்காரன், பயந்தவன், பொய்யன், எல்லோரோடும் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். எதுவுமே வேண்டாம் என்று சிரிக்கிறவனிடம் என்ன பேசுவது? அவன் சொல்லிவிடுவான் என்றுகூட நான் பயப்படவில்லை. அவன் சொல்லாமலே சிரித்துக்கொண்டிருந்தான், அதுதான்.

அந்தச் சமயத்தில்தான் ஹிஸாம் வந்தான். நல்ல மனிதன். உள்ளே நுழைந்ததும், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த ஆட்டுத்தோல் கோட்டுக்கு ஸலாம் சொன்னான். பதில் வராததால், "என்னடா மரியாத இது?" என்று அதனிடம் கோபித்துக்கொண்டான். நான் இந்தப் பக்கத்திலிருந்து பதில் ஸலாம் சொன்னதும் சமாளித்து, "வெளிய வெயிலு, உள்ள இருட்டு," என்றான். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

கண் மங்கல் என்பதை அவன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லியிருக்கமாட்டான். குறி தவறாத வம்சம் என்று பெயர் வாங்கியவர்கள் அவர்கள். அவன் மகன் கல்யாணத்தில் முட்டையைச் சுடுகிற போட்டி வந்தபோது தோள்வலி என்று ஒதுங்கிக்கொண்டவன். நேற்றுகூடப் பாருங்கள், "எனக்குச் சரியாத் தெரியல, சிறுத்தைன்னு நெனச்சேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்வானின் தம்பிகள் வைது தீர்த்துவிட்டு விட்டிருப்பார்கள். கழுத்தைக் கொடுத்தாலும் கொடுப்பானே தவிர அதைச் சொல்லமாட்டான். வெறும் பெயருக்காக உயிரை விடத் துணிகிற மனிதர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

"வீட்டுக்குக் கீழ படிவயல்ல சிறுத்தைக் காலடி இருக்கு, ரத்மான். பிள்ளைங்க வெளிய போக பயப்படுதுங்க. நல்லதா ஒண்ணு பாத்துக் குடு."

நான் சொல்லவேண்டியது நாய். அதுவும் வேண்டாமென்றால் ரவை போடுகிற இரட்டைக்குழல். இருநூறு அடிக்கு அப்பால் அது யாரையும் கொசுக்கடிக்குமேல் ஒன்றும் செய்யாது. சுவரில் மாட்டியே இருந்தது. நான் கையை அதற்குமேலே நீட்டி, அந்த நீண்ட ரைஃபிளை எடுத்தேன். முந்நூறு அடியில் காப்பிக் கோப்பையின் பிடியை உடைக்கும். விசை பூவைத் தொடுவதுபோல. அவன் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"கனமா இருக்கே?"

"வீட்டு மொட்டமாடிச் சுவத்துல சாச்சு வச்சுக்குங்க. கனமாவா தெரியும்?"

"புள்ளிய எப்பப் பாத்து எப்பச் சுடுறது? அது பாய்ஞ்சிடாதா?"

"புள்ளியெல்லாம் யாரு பாக்கச் சொன்னா? மஞ்சளா, தவழ்ந்து வருதா, தட்டிடுங்க."

இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் வாங்கிய ஒவ்வொருவனுக்கும் நான் சொல்லி அனுப்புகிற வாக்கியம் ஒன்று உண்டு: என்னவென்று தெரியாததைச் சுடாதே. ஹிஸாமுக்கு அதைச் சொல்லவில்லை. மற்றபடி விலையில் அவனுக்கு நன்றாகவே விட்டுக்கொடுத்தேன்.

அவன் போனபிறகு ஆணியிலிருந்த கோட்டை எடுத்துத் தூசி தட்டினேன். பழுப்பு மஞ்சள், நல்ல ரோமம். அடுத்த புதன்கிழமை தப்வானுக்குக் கொடுத்தேன். குளிருக்கு ஆகும் என்றேன். "சிறுத்தைக்குத் தகப்பன் தோலையே உரிச்சுக் குடுத்துட்டாரு!" என்று சந்தை முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தான். அவனுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஹிஸாம் வீட்டுக்கு மேலேயுள்ள ஊரில் ஒருவன் கிடாய்களை விற்கிறான், விடிந்ததும் போனால் மற்ற வியாபாரிகளுக்கு முன்னால் பார்க்கலாம் என்றும் சொன்னேன். கீழிருந்து அங்கே போக ஒரே வழி. படிவயல் சுவர்களில் செங்குத்தாக ஓரிடம் இருக்கிறது, கையை ஊன்றித் தவழ்ந்துதான் ஏறவேண்டும். உங்களுக்கும் தெரிந்த இடம்தான், ஷேக்.

மிச்சத்தை நீங்களே விசாரித்துவிட்டீர்கள். மூடுபனி இருந்தது, வெளிச்சமும் இருந்தது. ஹிஸாம் மொட்டைமாடியில் இருந்தான். ஒரே தோட்டா. இடது விலாவுக்குக் கீழே. இருநூற்றறுபது அடி இருக்கும், நான் பிறகு போய் நடந்து பார்த்தேன். சிறுத்தை நின்றதாக ஹிஸாம் சொன்ன பாறைக்கும் தப்வான் விழுந்த இடத்துக்கும் நாலு முழம் இடைவெளி. எந்தக் கோணல் துப்பாக்கியும் அவ்வளவு கோணலாகச் சுடாது.

நான் யாரையும் சுடவில்லை என்று நீங்கள் எனக்காகச் சொல்லலாம். துப்பாக்கியைத் தேர்ந்துகொடுத்தேன், கோட்டைத் தேர்ந்துகொடுத்தேன், பாதையைத் தேர்ந்துகொடுத்தேன். தேர்ந்துகொடுப்பதுதான் என் தொழில். தப்வானைக் கொன்றது நான்தான்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல," என்கிறீர்கள். "தம்பிங்க அஞ்சு பேரும் வெளிய முத்தத்துல காத்துட்டிருக்கானுங்க. காத மூடிக்கிட்டு இருக்கல, ரத்மான். துப்பாக்கி கோணல்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வீட்டுக்குப் போ."

உங்கள் நல்ல மனம் தெரிகிறது. ஆனால் நான் என் மனசாட்சிக்காக வந்தவன். குற்றமில்லாத ஹிஸாமின் உயிரைக் காப்பாற்ற வந்தவன்.

"ஹிஸாம் நேத்தே பொழச்சிட்டான்டா. அந்தக் கோணல்தான்டா அவனக் காப்பாத்திச்சு. நீ வாயத் தொறந்தா போறது ஒன் தல ஒண்ணுதான்."

அது சரிதான். நான் அதை அந்தக் கோணத்தில் யோசித்துப் பார்க்கவில்லை. இருக்கட்டும், இவ்வளவு தூரம் வந்தாயிற்று. நேற்று முற்றத்தில் அறுபது பேர் இருந்தார்கள், ஷேக். மூன்று குண்டும் ஒதுங்கியபோது யாரோ பின்னாலிருந்து, "ரத்மான் கடைச் சரக்கு," என்றான். அறுபது பேரும் சிரித்தார்கள். அந்த மனிதர்கள் மறுபடி என் கடைக்கு வந்தால் நான் அவர்களுக்கு என்ன பார்த்துக் கொடுப்பேன்?

எழுத்தரே, தீர்ப்பில் இப்படி எழுதுங்கள். ஆட்டு வியாபாரி தப்வானைக் கொன்றவன் புதன்சந்தை ரத்மான். அதற்கு அவன் தேர்ந்துகொடுத்த துப்பாக்கி நேராகச் சுடும். காகிதத்தில் இரண்டுக்கும் இடம் போதவில்லையென்றால், என் பெயரை விட்டுவிடுங்கள்.