அருள்ஜோதி வரைந்த தண்டவாளம்

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அடைக்கலராஜ் அவர்களே, முன்வரிசையில் கண்கலங்கி அமர்ந்திருக்கும் பேராசிரியர் அருள்ஜோதியின் கணவர் ரெமிஜியஸ் அவர்களே, நீடாமங்கலத்திலிருந்தும் திருவிடைமருதூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பழைய மாணவர்களே, வணக்கம்.

உளவியல் துறையில் அருள்ஜோதியோடு இருபது ஆண்டுகள் ஒரே ஆய்வகத்தில் இருந்த நெடுஞ்செழியன் பேசுகிறேன். இந்த நினைவஞ்சலிக் கூட்டத்தில் அவரைப் புகழ்ந்து பேசத்தான் அழைத்தார்கள். பேசுகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான்: அவர் மீது எனக்குப் பொறாமை. இந்தக் கூட்டத்தைப் பார்த்தபோதுகூட, எனக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்றுதான் முதலில் நினைத்தேன்.

கண் எப்படி ஏமாறுகிறது என்பதை நான் மரப்பலகையில் கோடு காட்டி நடத்துவேன். முப்பது மாணவர்களுக்குப் பலகை ஒன்றே ஒன்று. அவர் என்ன செய்தார்? கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து, நீடாமங்கலம் தண்டவாளத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்தார். அதன் மேல் ஒரே அளவில் இரண்டு நெல் மூட்டைகள், ஒன்று கிட்டே, ஒன்று தூரத்தில். தூரத்து மூட்டைதான் பெரிதாகத் தெரியும். சமமாகத் தெரியும்வரை மாணவர்களே அதைச் சுருக்கி, கண் எவ்வளவு ஏமாந்தது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு என் பலகைப் பக்கம் யார் வருவார்கள்? வயிறு எரிந்தது!

ஒருநாள் மர ஸ்கேலோடு அவர் வகுப்புக்குள் நுழைந்து திரையை அளந்தேன். தூரத்து மூட்டை உண்மையாகவே இரண்டு மில்லிமீட்டர் பெரிது! அத்தனை மாணவர்கள் முன்னிலையிலும் அதை உரக்கச் சொன்னேன். அவர் ஸ்கேலை வாங்கித் தாமும் அளந்தார்.

“ஆமா சார், என் தப்புதான். மூணு வருஷமா எல்லாரும் கண்ணை நம்பிட்டோம். நீங்க ஒருத்தர்தான் அளந்து பாத்திருக்கீங்க” என்றார்.

மறுநாள் படத்தைத் திருத்தினார். மூன்றாண்டு முடிவுகளும் தவறு என்று துறைக்குத் தாமே எழுதிக் கொடுத்தார். முதல் திரையில் ஒரு வரி சேர்த்தார்: ‘முதலில் அளந்து பாருங்கள். சொன்னவர் பேராசிரியர் நெடுஞ்செழியன்.’ அவமானப்படுத்த வந்தவன் பெயரை யாராவது இப்படி எழுதி வைப்பார்களா? அந்த மனசைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இனி யாரிடம் போய்ச் சொல்வேன்?

திங்கட்கிழமை இரண்டாம் ஆண்டுக்குச் செய்முறை வகுப்பு. யார் எடுப்பது என்று முதல்வர் கேட்டார். நான்தான் எடுப்பேன், அருள்ஜோதியின் படத்தை வைத்தே எடுப்பேன், ஓய்வுபெறும்வரை எடுப்பேன். முதல் திரையில் என் பெயருக்கு மேலே அவர் பெயரை எழுதிவிட்டேன், என்னுடையதைவிடப் பெரிய எழுத்தில். எவ்வளவு பெரிது என்று இந்த முறை அளக்கவில்லை.