கோடு கோடாய் இறங்கும் திரை

— தோ, மாட்டியாச்சு. இப்ப தொற பாக்கலாம்.

— எதைத் தொறக்கணும் அண்ணே?

— இன்னாத்தையாவது தொற, ஜரினா. அந்த பிரெஞ்சு கப்பல் கம்பெனி ப்ரோகிராமையே தொறயேன். மவுஸால ஒரு தட்டு... ஆங், பாத்தியா! இன்னாமா வந்து நின்னுச்சு!

— ம்.

— வெறும் 'ம்'முதானா? நேத்து வரைக்கும் ஸ்க்ரீன்ல மேலேர்ந்து கீழ ஒவ்வொரு கோடா எறங்கும். உள்ள டிஸ்க்கு வேற கர்ருபுர்ருன்னு அரைக்கும். ஒரு விண்டோ தொறக்கறதுக்குள்ள நான் போயி டீ குடிச்சிட்டே வந்துடுவேன். மெமரி கார்டு உள்ள போனதும் சத்தத்தையே காணோம் பாரு.

— ஆமாண்ணே. சத்தம் நின்னுடுச்சு.

— த பாரு, இந்தக் கார்டு சும்மா வல்ல. மெட்ராஸ் ஆபீசுல இன்னா சொன்னாங்க தெரியுமா? அந்தப் பொண்ணுக்குக் கை ஓடல, வேலைய இங்க அனுப்புங்க, அவளை நிறுத்திடுங்கன்னாங்க. நாந்தான் போன்ல கத்துனேன். பழைய பச்சை எழுத்து டெர்மினல்ல அவ ப்ரோகிராம் எழுதுன வேகம் பாண்டில எவனுக்கும் கெடையாது சார், உங்க புது மெஷின் படம் வரைஞ்சு முடிக்கறதுக்குள்ள அவளுக்கு நெனப்பு அறுந்துபூடுதுன்னேன்.

— நெனப்பு அறுந்துபோவுதுன்னா சொன்னீங்க?

— பின்ன? எழுதறது ஒரு விண்டோ, தப்பு காட்டறது ஒரு விண்டோ. மாத்தி மாத்திப் போவசொல்ல ஒவ்வொரு வாட்டியும் காத்துக் கெடந்தா எவதான் எழுதுவா? எங்கப்பா மில்லுல தறி நின்னுச்சுன்னா மொதல்ல தறியதான் பாப்பாங்க. ஆளை நிறுத்த மாட்டாங்க.

— நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க.

— திங்கக்கிழமை அவுங்களே வராங்க. அன்னிக்கு இந்த ப்ரோகிராம் ஓடணும். ஓடலன்னா உன் வேலை போச்சு. என்னையும் நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேப்பாங்க. உன் பொண்ணு ஜீனத்து உன் சம்பளத்தை நம்பித்தான இருக்குது?

— தெரியும்ணே.

— பயமா இல்ல?

— பயப்படணும்னு தெரியுது. பயம் வரல.

— இன்னா பேச்சு இது? சாப்ட்டியா இல்லியா?

— சாப்ட்டிருப்பேன். டிபன் பாக்ஸ் காலியா இருக்குது.

— சரி, எழுது. கார்டு சூடாவுதான்னு நான் ஓரமா நின்னு பாக்கறேன்... ஏன் மூடிட்ட?

— திரும்பத் தொறக்கறேன்.

— அதான் தொறந்துதான இருந்துச்சு? தோ, மறுபடியும் மூடற. எதுக்கு அதைப் போட்டு இந்தாண்டயும் அந்தாண்டயும் இழுக்கற? கார்டுல எதுனா கோளாறா?

— கார்டு நல்லாத்தான் இருக்குது. இழுத்ததும் டக்குனு வந்துடுது.

— அப்பறம் இன்னாதான் உன் பிரச்சன?

— காத்தவராயண்ணே, நான் இத்தா முடிஞ்சு வந்தப்பதான இந்த மெஷினு புதுசா இருந்துச்சு?

— ஆமா. உன் வூட்டுக்காரரு கலீலுல்லா தவறிப்போயி, நீ நாலு மாசத்துக்கு மேல வீட்டை விட்டு வெளிய வல்ல. அந்த நேரத்துலதான் டெர்மினலை எடுத்துட்டு இதை வச்சாங்க. நீ வந்து உக்காந்ததுலேர்ந்து வேலை நவுரல. மெஷின்தான் காரணம்னு எல்லாருமே சொன்னோம்.

— எல்லாரும் மெஷினைப் பத்தித்தான் கேட்டீங்க. அவரைப் பத்தி ஒருத்தரும் கேக்கல. எனக்கும் அது சௌகரியமா இருந்துச்சு.

— கேட்டா நீ அழுதுடுவியோன்னு...

— இன்னும் அழலண்ணே. மொத நாளு விண்டோவைத் தொறந்துட்டு, கோடு கோடா எறங்கறதைப் பாத்துட்டிருந்தேன். அது முடியற வரைக்கும் அவரு ஞாபகம் வரல. முடிஞ்சதும் வந்துடுச்சு. உடனே மூடிட்டு மறுபடியும் தொறந்தேன்.

— அன்னிக்கு மட்டும்தான?

— தெனமும். வேற ஒண்ணும் செய்யல.

— அட சாமி! நான் மெஷின் மேல பழியப் போட்டு... சரி, போனது போவட்டும். இன்னும் நாள் இருக்குது. நானும் கூட உக்கார்றேன், எழுதிடலாம். திங்கக்கிழமை அவுங்க வந்து நிக்கசொல்ல—

— வரட்டும்ணே. அந்தக் கார்டை மட்டும் கழட்டிடுங்க.