இரண்டு தரம் துடைத்த கை

காலை நாலு ஐம்பது. ஜனவரி மாதம். பார்க்கிங் என்கிற ஊரிலிருந்து டாகன்ஹாம் போகிற பெருஞ்சாலையின் ஓரத்தில் ஒரு சைக்கிள் பாதை... உங்களுக்குத் தெரியும், மேம்பாலத்துக்குக் கீழே ஒற்றை விளக்கு எரியுமே, அந்த இடம். ஒரு பக்கம் லொறிகள். மறுபக்கம் கம்பி வேலி, அதற்குப் பின்னால் சேற்றுத் தண்ணீர். ஆள் நடமாட்டம் இல்லை.

டெனுசன், உன் கேள்விக்குத்தான் வருகிறேன். எதிரே வருகிற சைக்கிள்காரனுக்குக் கை காட்ட வேண்டுமா, வேண்டாமா என்று வழி முழுக்கச் சண்டை பிடித்துக்கொண்டு வந்தீர்கள். முன்பின் தெரியாதவனுக்கு ஏன் காட்ட வேண்டும் என்கிறாள் கஜந்தினி. சரி. மழை இப்போதைக்கு விடாது. என் சைக்கிள் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். சைக்கிள்களைச் சுவரோடு சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். கொத்துரொட்டியைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள். எனக்கு அந்த முள்ளுக்கரண்டி போதும். இடது கையில் தாருங்கள்.

இது என் சிநேகிதன் சிவானந்தனின் தங்கை புருஷனுக்கு நடந்தது. பெயர் சஞ்சயன். முப்பத்து நாலு வயது. குளிர்க் களஞ்சியம் ஒன்றில் காலை ஷிப்ட். வீட்டில் மனைவி டிலக்சனா, ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. மத்தியானம் இவன் வந்து பருப்பும் சோறும் குழைத்துத் தீத்தினால்தான் அது வாய் திறக்கும். தாய் கொடுத்தால் துப்பிவிடும். அதில் இவனுக்கு அப்படி ஒரு பெருமை. குட்மேய்ஸில் இவன் அதைச் சொல்லாத கடை இல்லை.

தினமும் அந்த மேம்பாலத்தடியில் எதிரே ஒருவர் வருவார். ஐம்பது வயது இருக்கும். இரவு முழுக்க மீன் சந்தையில் பெட்டி கழுவிவிட்டு வீடு திரும்புகிறவர். மணியை இரண்டு தரம் அடிப்பார். கிளிங், கிளிங். கையை உயர்த்துவார். முதலில் இவனும் கை காட்டினான். பிறகு வேகத்தைக் குறைத்து, கடந்து போகும்போதே உள்ளங்கையோடு உள்ளங்கை தட்டிவிட்டுப் போவார்கள். பேச்சுக் கிடையாது. அந்த இருட்டில், அந்தக் குளிரில், அது ஒரு தென்பு என்று சஞ்சயனே என்னிடம் சொன்னான். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், அப்படிப் போனது.

ஒரு நாள் இவனுடைய சங்கிலி கழன்றுவிட்டது. அவர் இறங்கி வந்து மாட்டிக் கொடுத்தார். அன்றுதான் நின்று பேசினார்கள். கைகொடுத்தபடியே பேசினார்கள்.

"தமிழோ?" என்று இவன் கேட்டான்.

"ஓம் தம்பி. உங்கடை முகத்தைப் பாத்து நான் முதல் நாளே பிடிச்சிட்டன்."

"ஊரிலை எவடம்?"

அவர் ஊரைச் சொன்னார்.

"அதிலை எந்தக் கோயிலடி?"

கோயிலையும் சொன்னார்.

போதும். அதற்கு மேல் நம்மவனுக்கு எதுவும் தேவையில்லை. ஊரையும் கோயிலையும் கூட்டினால் சாதி வந்துவிடும். சீ... இதைச் சொல்லவே எனக்கு வாய் கசக்கிறது. குண்டுக்குப் பயந்து ஓடிவந்து, ஒரே கவுன்சில் கட்டடத்தில் ஒரே படியில் ஏறி இறங்கி, அரசாங்கக் காசுக்கு ஒரே பெனிபிட் வரிசையில் நின்ற சனம். இன்னும் 'எவடம்' கேட்கிறது. கேட்கிற முகத்தைப் பார்த்தால் எனக்குக் குமட்டும்.

சஞ்சயன் கையை உருவிக்கொண்டான். காற்சட்டையில் துடைத்தான். ஒரு தரம் துடைத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, மறுபடியும் துடைத்தான். அவர் கண் முன்னாலேயே.

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"மீன் மணக்குதோ, தம்பி?"

"ஓம் அண்ணை" என்றான் இவன்.

ஆறு கிழமையாகத் தட்டிய கைதான். அதுவரை மணக்கவில்லை. கோயிலைச் சொன்ன பிறகுதான் மணந்தது.

அடுத்த நாளும் அவர் வந்தார். கிளிங், கிளிங். கையை நீட்டினார். தூரத்திலேயே பிளீச் மணம். அந்த மனிதர் கையை பிளீச் ஊற்றிக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறார். இவன் தலையைக் குனிந்துகொண்டு வேலி ஓரமாகப் போய்விட்டான். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். பிளீச் மணம் மட்டும் கூடிக்கொண்டே போனது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. உறைபனி. விளக்கடியில் அவர் சைக்கிள் வேலியில் சாய்ந்து நின்றது. அவர் கீழே உட்கார்ந்திருந்தார். வலது கை உயர்ந்திருந்தது. மணிச் சத்தம் இல்லை. 'இண்டைக்கும் விடமாட்டார் போல' என்று இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மிதித்தான்.

எட்டு மணிக்கு நாயோடு நடக்க வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கண்டு சொன்னாளாம். மாரடைப்பு. விரல்கள் வேலிக் கம்பியில் கொளுவி இருந்ததால் கை இறங்கவில்லை. அப்படியே உயர்ந்தபடி விறைத்துப் போயிருந்தது.

ஐந்தாம் நாள் பால் வாங்கப் போன கடையின் கண்ணாடியில் அவருடைய படத்தோடு மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. அதில்தான் சஞ்சயன் அவருடைய பெயரைப் படித்தான். முருகேசன். வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. குழந்தைக்குச் சோறு தீத்திவிட்டுப் படுத்துவிட்டான்.

அடுத்த திங்கள். நாலு ஐம்பது. மேம்பாலத்தடி.

கிளிங்... கிளிங்.

பாதையில் யாரும் இல்லை. பிளீச் மணம் வந்தது. அதற்கு அடியில் வேறொரு மணம்... வெயிலில் இரண்டு நாள் கிடந்த மீன் குடலின் மணம். சைக்கிளைப் பிடித்திருந்த வலது கைக்கும் ஹாண்டில் றப்பருக்கும் நடுவே ஏதோ நுழைந்தது. குளிர்ந்தது. வழுவழுப்பானது. அது ஒரு உள்ளங்கை. விரல்கள் ஒவ்வொன்றாக வந்து இவனுடைய விரல்களுக்குள் கோத்துக்கொண்டன. விளக்கைத் தாண்டும் வரைக்கும் பிடித்திருந்தது. பிறகு விட்டுவிட்டது.

மணம் விடவில்லை.

சைக்கிளை என்னிடம்தான் கொண்டுவந்தான். வலப்பக்க றப்பரைக் கழற்றினேன். உள்ளே சளி மாதிரி. இழுத்தால் நூலாக வந்தது. புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். நாலு நாளில் திரும்பி வந்தான். மறுபடியும் மாற்றினேன். மூன்றாம் தரம் கத்தியால் கீறிப் பிரித்தபோது உள்ளே செதில்கள் ஒட்டியிருந்தன. நகம் அளவு. ஒன்று என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு உதற உதறப் போகவில்லை. முப்பது வருடமாக அடுத்தவனின் அழுக்குச் சைக்கிளைத் தொடுகிற ஆள் நான். பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

அவனுடைய கையைப் பார்த்திருக்க வேண்டும். தேசிக்காய், கோப்பித்தூள், உப்பு, கடைசியில் பிளீச். தோல் உரிந்து சிவந்து கிடந்தது. மணம் மட்டும் அப்படியே. குழந்தைக்குச் சோற்றைக் கொண்டுபோனால் அது முகத்தைத் திருப்பியது. வற்புறுத்தினால் ஓங்காளித்தது. தாய் கொடுத்தாலும் சாப்பிடவில்லை, பழக்கம் இல்லையே. இரண்டு கிழமையில் பிள்ளை பாதியாகிவிட்டது. டாக்டர் எடை பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். அன்றிரவு டிலக்சனா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போனாள். கதவைச் சாத்துவதற்கு முன் சொன்னாள்.

"அந்தக் கையோடை என்ரை பிள்ளையைத் தொடாதேங்கோ."

அவளுக்கு முருகேசனைப் பற்றி ஒன்றும் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னாள். அவன் அப்படியே குந்தி இருந்துவிட்டான்.

அதற்குப் பிறகுதான் சிவானந்தன் அவனை இந்தக் கடைக்கு இழுத்துவந்தான். நீங்கள் இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கக்கினான். எனக்கு அடித்துத் துரத்த வேண்டும் போல இருந்தது. பிள்ளைக்காகத்தான் பொறுத்தேன்.

"நீ போய் முதலிலை கையை நீட்டு. அந்த மனுசனிட்டை மன்னிப்புக் கேள்" என்றேன்.

"தனியப் போக ஏலாது அண்ணை. நீங்களும் வாங்கோ."

சிவானந்தன் என் காலில் விழாத குறை. போனேன்.

நாலு நாற்பத்தைந்துக்கு விளக்கடியில் நின்றோம். சஞ்சயன் வலது கையை நீட்டியபடி நின்றான். லொறிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போனது. அந்தச் சாலையில் லொறிச் சத்தம் அடங்கி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பிறகு எண்ணெய் இல்லாத சங்கிலி. கிரீச்... கிரீச்... கிளிங், கிளிங்.

நானும் கண்டேன். சைக்கிளில் ஒரு மனிதர். பிளாஸ்டிக் ஏப்ரனிலிருந்து தண்ணீர் சொட்டியது. முன்னால் வந்து கால் ஊன்றினார். நீட்டியிருந்த கையைப் பார்த்தார். தன் கையையும் நீட்டி... சஞ்சயனின் கையைப் பிடித்தார். அப்பாடா என்று நினைத்தேன்.

"ஊரிலை எவடம், தம்பி?"

சஞ்சயன் அழுதுகொண்டே ஊரைச் சொன்னான்.

"எந்தக் கோயிலடி?"

சொன்னான்.

அவர் தலையை ஆட்டினார். கையை உருவிக்கொண்டார். ஏப்ரனில் துடைத்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் துடைத்தார். மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

சஞ்சயன் என் பக்கம் திரும்பினான். மூக்கும் வாயும் ஒழுக, அந்தக் கையை என்னிடம் நீட்டினான்.

"அண்ணை, நீங்களாவது பிடியுங்கோ."

நான் வேதக்காரன், கிறிஸ்தவன். ஞாயிறு தவறாமல் பூசையில் பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கைகொடுத்துச் சமாதானம் சொல்கிறவன். இவ்வளவு நேரமும் உங்கள் முன்னால் வாய் கிழியப் பேசியவன். பிடித்தேன். குளிர்ந்த மீன் வயிற்றைப் பிடித்த மாதிரி இருந்தது. விட்டேன். விட்ட கை தானாகப் போய் என் காற்சட்டையில் துடைத்துக்கொண்டது. ஒரு தரம். திருப்பிப் பார்த்தேன். இன்னொரு தரம்.

அவன் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

"மணக்குதோ, அண்ணை?"

"இல்லையடா" என்றேன்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. அன்றைக்கே சஞ்சயனின் கையிலிருந்து மணம் போய்விட்டது. மத்தியானம் சோறு தீத்தினான், ஆவென்று வாயைத் திறந்து தின்றதாம். சிவானந்தன் எனக்கு நன்றி சொல்ல மிட்டாய்ப் பெட்டியோடு வந்தான். வாங்கி மேசையில் வைத்தேன். சாப்பிடவில்லை. அது போன வருடம் மாசியில். அன்றிலிருந்து நான் வலது கையால் ஒரு பிடி சோறு சாப்பிட்டதில்லை. பூசையில் கடைசி வாங்கு வரிசையில் நின்று, சமாதானம் சொல்லும் நேரத்தில் வெளியே போய்விடுவேன்.

ஆனால் இன்றைக்கு... நீங்கள் நனைந்து வந்து வாசலில் நின்றபோது ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து உள்ளே கூப்பிட்டேன். கவனித்தீர்களா? டெனுசன் சும்மா வந்து உட்கார்ந்தான். மற்றவர்களும் அப்படித்தான். கஜந்தினி மட்டும் கையை ஜாக்கெட்டில் துடைத்தாள். மழை ஈரம் என்று நினைத்திருப்பாள். பிறகு திருப்பிப் பார்த்து இன்னொரு தரம் துடைத்தாள்.

முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன், பாருங்கள். இரண்டு வாயாக நான் வலது கையால்தான் சாப்பிடுகிறேன். கொத்து நல்ல ருசி.

ஏன் பிள்ளை கஜந்தினி, சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டாய்... மணக்குதோ?