பதினேழாம் சாவியின் முகவரி

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி, கைப்பேசி எண் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, உதவி ஆய்வாளர் அம்மையாரிடம் கொடுத்திருக்கிறேன். அப்படிக் கொடுக்க அனுமதி கேட்டது நான்தான். வயது இருபத்தேழு. வீடுகளை வாடகைக்கும் விலைக்கும் முடித்துத் தரும் அலுவலகம் ஒன்றில் வாடிக்கையாளர் விவரங்களுக்குப் பொறுப்பாளராக மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். அம்மாவுடனும் தம்பியுடனும் வசிக்கிறேன்.

எங்கள் வாடிக்கையாளரான ஒரு பெண்ணின் முகவரியை நான் அவருடைய கணவருக்கு விற்றுவிட்டதாக என் முதலாளி கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்கப்பட்டு, நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகம் மருந்துக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது. முன்னறையில் என் மேசை, வீடு காட்டப் போகும் ஊழியரின் மேசை, சாவிப் பலகை, இரும்பு அலமாரி. பின்னால் முதலாளியின் அறை. நடுவில் உள்ள கண்ணாடித் தடுப்பு கூரை வரை போகாது. அதனால் அங்கே பேசுவது இங்கே கேட்கும். இங்கே நாங்கள் அதிகம் பேசுவதில்லை. வீடு காட்டும் ஊழியர் இடுப்பில் எப்போதும் சாவிகளைத் தொங்கவிட்டிருப்பதால் அவரைச் சாவிக்கொத்து என்று கூப்பிடுவோம். நான் அதிகம் பேசாமல் இருப்பதாலும், சாப்பிடும்போதுகூட டப்பா மூடியைப் பாதி மூடி வைத்திருப்பேன் என்பதாலும் அவர் என்னை ரகசியம் என்று கூப்பிடுவார்.

வாடிக்கையாளர்கள், வீடு பார்க்க வருகிறவர்கள் ஆகியோரின் அடையாள அட்டை நகல்கள் இரும்பு அலமாரியில் இருக்கும். மற்ற விவரங்கள் கணினியில் இருக்கும். அதைத் திறக்கும் கடவுச்சொல் எனக்கும் முதலாளிக்கும் மட்டும் தெரியும். அலுவலகத்தில் யாரையும் பெயர் சொல்லிப் பேசக்கூடாது, அவர்களுடைய வீட்டுச் சாவியின் எண்ணைச் சொல்லித்தான் பேச வேண்டும் என்பது முதலாளி போட்ட விதி. அதனால் "ஒன்பது போன் பண்ணுச்சு", "இருபத்திரண்டுக்குக் குழாய் ஒழுகுதாம்" என்றுதான் எங்கள் பேச்சு இருக்கும். "உங்கள் விவரம் எங்கள் உயிர்" என்று முதலாளி ஒரு பலகை எழுதி மாட்டியிருக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் சாவிக்கொத்து, "உயிரை இரும்பு அலமாரில வெச்சிட்டோம், இனி நமக்குச் சாவே இல்ல" என்பார்.

இந்த வழக்கில் சம்பந்தப்பட்ட பெண் பதினேழாம் சாவி. போன குளிர்காலத்தில் தன் மகளுடன் வந்து, மூன்றாம் மாடி வீடு ஒன்றை எடுத்துக்கொண்டார். அடித்த கணவரை விட்டு வந்திருப்பதாக அவரே சொன்னார். நான் விவரங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தி, "இது எங்கயும் போகாதுல்ல, தங்கச்சி?" என்று கேட்டார். "போகாதுக்கா" என்று சொன்னேன். அதன் பிறகு மீதியைத் தட்டச்சு செய்தேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, நாங்கள் அலுவலகத்தைத் திறந்து சிறிது நேரத்தில், அந்தப் பெண் மகளுடன் வந்தார். வலது கையில் கட்டுப் போட்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் கணவர் வந்து கதவைத் தட்டியதாகவும், மகளின் செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாகவும், சங்கிலியைப் போட்டபடி கதவை லேசாகத் திறந்தபோது அவர் வெளியிலிருந்து மோதியதில் விரல்கள் இடுக்கில் சிக்கிக்கொண்டதாகவும், எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்ததும் அவர் இறங்கிப் போய்விட்டதாகவும் சொன்னார். சாவியைத் திருப்பிக் கொடுக்கவே வந்திருந்தார். சாவியில் கோத்திருந்த பதினேழு என்ற வில்லையைக் குழந்தை கையில் இறுக்கிப் பிடித்திருந்தது. சாவியை மட்டும் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, வில்லையை அதனிடமே விட்டுவிட்டார்.

அதன் பிறகு அவர் எங்கள் எல்லோரையும் பார்த்து, கணவரின் பெயரைச் சொல்லாமல் அடையாளம் மட்டும் சொல்லி, "கடிகாரத்தை உள்பக்கமா திருப்பிக் கட்டின ஆளு இங்க வந்தாரா?" என்று கேட்டார். அப்படி ஒருவர் சில வாரங்களுக்கு முன் வந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே முதலாளி, "அப்படி யாரும் வரலம்மா, எங்க ஆபீஸ்ல இருந்து ஒரு எழுத்துகூட வெளிய போகாது" என்றார். நான் பேசவில்லை. முதலாளி மறந்துவிட்டாரா, மறைக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. சாவிக்கொத்து சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

அந்தப் பெண் போனதும் முதலாளி என் கணினியில் உட்கார்ந்து, அவருடைய விவரத்தைக் கடைசியாகத் திறந்தது யார் என்று பார்த்தார். என் கணக்கைத்தான் காட்டியது. ஏன் திறந்தேன் என்று இங்கே கேட்டதற்குச் சொல்வதாவது: அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண்ணாகத் தன் அக்காவின் எண்ணை மாற்றச் சொல்லி அந்தப் பெண்ணே போன் செய்தார், அதற்காகத் திறந்தேன், அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முதலாளியிடமும் இதையேதான் சொன்னேன். அவர் சாவிக்கொத்தைப் பார்த்து, "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார்.

அன்றிலிருந்து அலுவலகத்தில் மூவரும் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தோம். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் முதலாளியின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நான் சாவிக்கொத்தைச் சந்தேகித்தேன். கடிகாரக்காரர் வந்த அன்று முதலில் முதலாளியின் அறையில் உட்கார்ந்து பேசினார், அதன் பிறகு சாவிக்கொத்துதான் அவரை, பதினேழாம் சாவி இருந்த அதே கட்டடத்தின் நான்காம் மாடியில் காலியாக இருந்த வீட்டைக் காட்டக் கூட்டிப்போனார் என்பது என் நினைவில் இருந்தது.

அதனால் அந்த வாரத்திலேயே ஒரு நாள், சாவிக்கொத்து ஓர் இளம் தம்பதிக்கு வீடு காட்டப் போனபோது, வீட்டை அளவு எடுக்க வேண்டும் என்று சொல்லி நானும் கூடப் போனேன். அவர் எப்படிப் பேசுகிறார் என்று பார்க்கத்தான் போனேன். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அந்தத் தம்பதி கேட்டார்கள். "கதவு இருக்கு, கதவுல பூட்டு இருக்கு, அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றார். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை; போய்விட்டார்கள். இறங்கி வரும்போது, ஏன் இப்படிப் பேசினீர்கள் என்று கேட்டேன்.

"இன்னிக்கு பக்கத்து வீட்டைப் பத்தி இவங்ககிட்ட சொன்னா, நாளைக்கு இவங்களைப் பத்தி வேற யார்கிட்டயாவது சொல்லுவேன்ல? இதுக்குத்தான் நம்ம முதலாளி என்னைத் திட்டுறாரு. வாயைத் திறந்தாதான் வீடு நகரும்கறாரு."

அதன் பிறகு, கடிகாரக்காரரைப் பற்றி நான் கேட்காமலேயே சொன்னார். "அந்தாளு நாலாவது மாடிக்கு வரவே இல்ல, ரகசியம். மூணாவது மாடிப் படியில நின்னுட்டாரு. ஒரு கதவுக்கு வெளிய சின்னச் செருப்பு ஒண்ணு கிடந்துச்சு. அதையே பாத்துட்டு இருந்தாரு. வீடு பிடிச்சிருக்கு, யோசிச்சுச் சொல்றேன்னு இறங்கிட்டாரு. பார்க்காத வீடு எப்படிப் பிடிக்கும்?" இதை ஏன் திங்கட்கிழமையே சொல்லவில்லை என்று கேட்டேன். தன்னைத்தான் பிடிப்பார்கள் என்று பயந்ததாகச் சொன்னார். நான் பேசாமல் இருந்ததற்கும் ஏறக்குறைய அதுதான் காரணம் என்பதால் மேலே கேட்கவில்லை.

மறுநாள் பகலில் முதலாளி தன் அறையிலிருந்து ஒரு வாடிக்கையாளரிடம் போனில் வேறொரு வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் கேட்டதாவது: "பயமே வேண்டாங்க, ரொம்ப அமைதியான இடம். கீழ் வீட்டுல ஒரு வயசான அம்மா தனியா இருக்காங்க, பிள்ளைங்க எல்லாம் வெளிநாடு. காதும் சரியா கேக்காது. உங்க பசங்க எவ்வளவு ஓடினாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க." அந்த அம்மா எங்களுடைய ஆறாம் சாவி. அவருடைய அடையாள அட்டை நகலை நான்தான் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

நான் எழுந்து உள்ளே போனேன். அனுமதி கேட்காமல் அவர் அறைக்குள் போனது அதுவே முதல் தடவை. கடிகாரக்காரரிடம் என்ன சொன்னீர்கள் சார் என்று கேட்டேன். எந்தக் கடிகாரக்காரர் என்று அவர் கேட்கவில்லை. "குடும்பத்தோட இருக்கலாமான்னு கேட்டாரு. பெண்டாட்டியும் பொண்ணும் முன்னாடியே வந்துட்டாங்க, நான்தான் பின்னால வர்றேன்னாரு. பாவம்னு இருந்துச்சு. பாதுகாப்பான கட்டடம்தான், கீழ ஒரு பொண்ணு (ஒரு சொல் அடிக்கப்பட்டது) வேலை, சின்னக் குழந்தையோட தனியாதான் இருக்கு, நேரங்கெட்ட நேரத்துலகூட பயமில்லாம வந்து போவுதுன்னு சொன்னேன். அக்கம்பக்கம் சொல்லாம எப்படிம்மா வீடு முடிக்கிறது? பேரைச் சொன்னேனா? நம்பரைக் கொடுத்தேனா? பதினேழுன்னுகூட நான் சொல்லல!"

அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. தன் விதியைத் தான் மீறவில்லை என்றே அவர் நம்பினார். வேண்டுமென்று காட்டிக்கொடுத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண் எங்கள் முன்னால் கட்டுப் போட்ட கையோடு நின்று கேட்டபோது, யாரும் வரவில்லை என்று சொன்னவர் அவர். அப்போது அவருக்கு நினைவு இருந்தது.

அதன் பிறகு முதலாளி குரலைத் தணித்து, வீடு பார்க்க மட்டும் வந்து போகிறவர்களின் விவரங்களை ஆறு மாதத்தில் அழிக்க வேண்டும் என்ற எங்கள் அலுவலக விதியை நினைவுபடுத்தி, "அந்தாளோடதை இப்பவே அழிச்சிடு. நம்மை நம்பிக் கொடுத்தது, நாம வெச்சிருக்கக் கூடாது" என்றார். அந்த விதியை எழுதியது நான். வருகிறவர்களின் நன்மைக்காக எழுதினேன். அழிக்க மாட்டேன் என்று சொன்னேன். அடுத்த நாள் காலை என் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. அன்று மதியம் என் மேல் புகார் கொடுத்திருப்பதாக இந்த நிலையத்திலிருந்து போன் வந்தது.

கடவுச்சொல் மாற்றப்படும் முன்பே, அழிக்க மாட்டேன் என்று சொன்ன அன்றே சாயங்காலம் அலுவலகத்திலிருந்து கிளம்புவதற்குள், அந்த நபர் கொடுத்த அடையாள அட்டை நகலையும் கைப்பேசி எண்ணையும் எடுத்துவைத்திருந்தேன். அவற்றை இன்று ஒப்படைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் விவரத்தை முதலாளியின் அனுமதியின்றி வெளியே கொண்டுவந்தேன் என்று அவர் சொல்வது இந்த அளவுக்கு உண்மை. மூன்று வருடத்தில் நான் வெளியே கொண்டுவந்த ஒரே விவரம் இது. அந்த நகலில் உள்ள படத்தில் இருப்பது தன் கணவர்தான் என்று அந்தப் பெண் இந்த நிலையத்தில் அடையாளம் சொல்லியிருப்பதாக அறிகிறேன்.

இந்த வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டபோது ஒரு திருத்தம் கேட்டேன். முதலாளி சொன்னதை அப்படியே சொல்லும்போது, அந்தப் பெண் வேலை பார்க்கும் இடத்தையும் நான் சொல்லியிருந்தேன், அது எழுதப்பட்டுவிட்டது. இதன் நகல் எதிர்த் தரப்புக்கும் போகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். வீட்டை அவர் மாற்றிக்கொண்டார், வேலையை மாற்றவில்லை. ஒருவர் காதில் விழுந்துவிட்ட சொல் எழுத்தாகவும் பலர் கைக்குப் போக வேண்டாம் என்று, அதை அடித்துவிடும்படி வேண்டினேன். எழுதிக்கொண்டிருந்த உதவி ஆய்வாளர் அம்மையார் தலையைத் தூக்கி, "பேரு இல்ல, நம்பர் இல்ல, இதுல என்னம்மா இருக்கு?" என்றார்.

என் முதலாளியும் இதையேதான் கேட்டார் என்று சொன்னேன்.

அவர் அந்தச் சொல்லைப் படிக்க முடியாதபடி குறுக்கும் நெடுக்கும் அடித்து, தாளைத் திருப்பி மறுபக்கம் எழுத்து தெரிகிறதா என்று பார்த்து, அங்கேயும் அடித்தார். ஓரத்தில் நாங்கள் இருவரும் சுருக்கொப்பம் இட்டிருக்கிறோம்.

அந்தப் பெண்ணும் குழந்தையும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அடித்த ஒரு சொல் நீங்கலாக இதில் எழுதப்பட்டவை யாவும் நான் சொன்னவை, நான் அறிந்த வரை உண்மையானவை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. படித்துக் காட்டக் கேட்டு, சரியென்று கண்டு கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)
பெயர்: உறையில் உள்ளபடி