உந்தத் தலை ஆற்றை?

இல்லைத் தம்பி, சீலையைப் பிறகு விரியுங்கோ. முதல் உந்தப் படத்தைக் கழட்டுங்கோ.

ஓம், உந்தப் படத்தைத்தான். உங்களுக்குப் பின்னாலை சுவர் முட்டத் தொங்குதெல்லே, அரக்குச் சீலையோடை ஒரு பொம்பிளை நிக்கிறா, அந்தப் படம். வந்ததும் வராததுமாய்ச் சண்டைக்கு நிக்கிறாளே, விசரியோ எண்டு நினைப்பியள். நினைச்சிட்டுப் போங்கோ. பீலெஃபெல்டிலை இருந்து டுசல்டோர்ஃப் வரைக்கும் காருக்குள்ளை வாயைப் பொத்திக்கொண்டு வந்தனான். இனி ஏலாது.

தேத்தண்ணி வேண்டாம். கார் ஓடிக்கொண்டு வந்தவ எதிர்க் கடையிலை முருங்கைக்காய் பாக்கிறா. அவ இஞ்சை வர முந்தி உது இறங்கவேணும். வேறை அலுவல் எனக்கில்லை. போனிலையும் சொன்னனான். ஒரு பெடிச்சி எடுத்து, தீபாவளி முடியத்தான் படம் மாத்துவம் எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டா. உங்களிட்டைச் சொல்லேல்லையோ. சரி, இப்ப நேரை சொல்லுறன்.

ஏனெண்டு கேக்கிறது நியாயம்தான். அதுக்கு முதல் நான் ஒண்டு கேக்கிறன். உந்த முகம் எந்தப் பொம்பிளையின்ரை? உந்தத் தலை ஆற்றை?

மொடலோ. எந்த ஊர் மொடல்? தெரியாது. இந்தியாப் பிள்ளையாயிருக்குமோ. சரி, இருக்கட்டும். அந்த முகத்திலை நான் குறை சொல்லேல்லை, ஆரோ பெத்த பிள்ளைதானே. இஞ்சாலை வாங்கோ, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட நிண்டு பாருங்கோ. முழங்கை என்ன நிறம்? முகத்தின்ரை நிறம். இனிச் சீலைக் கரையைப் பிடிச்சிருக்கிற விரலைப் பாருங்கோ. அஞ்சு விரலும் என்ன நிறம்?

நிழலோ. நல்ல நிழல் தம்பி. விரலிலை மட்டும் விழுந்து மணிக்கட்டோடை நிண்டுபோச்சுது. சூரியனுக்கும் உங்கடை கடையிலை பங்கிருக்கோ?

இடுப்பையும் பாருங்கோ. ஒரு பிடி இடுப்பு. அதிலை போற கரையைப் பாருங்கோ. தோளிலை இருக்கிற மயில் நல்ல கொழுத்த மயில். இடுப்புக்கு வர கொக்காட்டம் ஒடுங்கிப்போச்சுது. பேந்து கீழை போக மயிலாகுது. பொம்பிளையின்ரை இடுப்பைப் பிடிச்சு நெரிக்கேக்கை மயிலும் சேந்து நெரிபட்டிட்டுது. கம்பியூட்டருக்குத்தான் கண்ணில்லை, ஒவ்வொரு நாளும் சீலை விக்கிற உங்களுக்குமோ தெரியேல்லை?

எல்லாரும் உப்பிடித்தான் செய்யினம் எண்டு தெரியும். எல்லாரும் செய்யிறதைத்தானே நாங்கள் பிறந்த நாள் தொடக்கம் பாத்துக்கொண்டிருக்கிறம்.

எப்பிடிக் கண்டுபிடிச்சனானோ? அந்தச் சட்டை நான் தைச்சது. ஓம் தம்பி, இந்தக் கையாலை. நான் ஒண்டும் பெரிய தையல்காரி இல்லை, எனக்கு வேலை ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிற லோன்றியிலை. என்னோடை வேலை செய்யிற கொறற்றி போன கிழமை உங்களிட்டைச் சீலை எடுக்க வந்தவ. வந்தவ படத்தைப் பிடிச்சு எனக்கு அனுப்பினா. பிறேமாக்கா, சட்டை உங்கடை, ஆள் ஆர் எண்டு கேட்டா. பஸ்ஸுக்குள்ளை நிண்டு பாத்தனான். இறங்கின உடனை உங்களுக்குத்தான் போன் அடிச்சனான்.

அந்தச் சட்டைக் கையிலை ஒரு பொருத்துத் தெரியுதெல்லே, கரைக்கு மேலை. அது ஏன் வந்தது தெரியுமோ? சீலையோடை நீங்கள் குடுக்கிற சட்டைத்துணி காணாது. மெல்லிசான பெட்டையளுக்கு அளவெடுத்து வெட்டின துணி. சதைப்பிடிப்பான பிள்ளைக்கு முதுகுக்கும் முன்னுக்கும் சரிவரும், கைக்கு வராது. உந்த உடம்புக்குச் சொந்தக்காரப் பிள்ளையை முதல் எங்கடை ஊரிலை தைக்கிற வசுந்தராவிட்டைத்தான் கூட்டிக்கொண்டு போனனான். அவ நாடாவைக் கழுத்திலை போட்டுக்கொண்டு, அந்தப் பிள்ளையை மேலையும் கீழையும் பாத்திட்டு, கொஞ்சம் மெலிஞ்சுகொண்டு வரச்சொல்லுங்கோ எண்டா. தமிழ் விளங்காதெண்டு நினைச்சுச் சொன்னவ. அந்தப் பிள்ளைக்கு நல்லா விளங்கும். திரும்பி வந்து வீட்டு வாசலிலை நிண்டு கேட்டா, துணி சின்னனோ, நான் பெரிசோ எண்டு. துணிதான் பிள்ளை சின்னன் எண்டனான். அண்டைக்கே சீலையின்ரை உள்பக்கத்திலை, கொய்யக மடிப்புக்குள்ளை மறைஞ்சு போற இடத்திலை வெட்டி எடுத்து, கையைப் பொருத்தித் தைச்சு முடிச்சனான்.

அந்தப் பிள்ளை ஆரோ. பேர் அபேனா. தாய் தேப்பன் கானா நாட்டுச் சனம். அவ பிறந்தது வளந்தது எல்லாம் பீலெஃபெல்ட்.

என்ன சொன்னனீங்கள்? காப்பிலியோ? அந்தச் சொல்லை இன்னொருக்கா என்ரை முன்னாலை சொல்லாதேங்கோ. பகிடியோ. நான் எண்பத்தொன்பதிலை இந்த நாட்டிலை வந்து இறங்கேக்கை, அகதிகள் வீட்டுக்கு முன்னாலை பெடியள் எங்களைப் பாத்துக் கத்தினதும் பகிடியாய்த்தான். அவங்களுக்கு உங்களையும் என்னையும் கானாக்காரரையும் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. எல்லாருக்கும் ஒரே சொல்லுத்தான் வைச்சிருந்தவங்கள். அதைக் கேட்டுக் கேட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுத சனம் நாங்கள். இண்டைக்குச் சொந்தமாய்க் கடை போட்டவுடனை எங்களுக்கும் சொல்லுறதுக்கு ஒரு ஆள் தேவைப்படுது.

இல்லை, குரலைக் குறைக்கமாட்டன். ஆக்கள் பாத்தால் பாக்கட்டும்.

அபேனா டயாலிசிஸ் நேர்ஸ். போன வருசம் இந்த ஊரிலைதான் ஒரு உடுப்புக் கொம்பனிக்காரர் அவவைப் படமெடுக்கக் கூப்பிட்டவங்கள், பெரிய சைஸ் உடுப்புக் கற்றலோக்குக்கு. எனக்கும் பாக்க ஆசை, கூடப் போனனான். நாலு பிள்ளையள். மற்றவை வெள்ளைப் பிள்ளையள். ஒருத்திக்குச் சாம்பல் நிற மேல்கோட்டுப் போட்டு யன்னலடியிலை யோசிச்சுக்கொண்டு நிக்கவிட்டினம். ஒருத்தி கதிரையிலை இருந்து புத்தகம் வாசிக்கிறா. அபேனாவுக்குச் சிறுத்தைப்புலிப் புள்ளி போட்ட சட்டை. செருப்பைக் கழட்டச் சொல்லி, நிலத்திலை மண்ணைக் கொட்டி, அதிலை கிடக்கச் சொல்லிச்சினம். வாயைத் திற, பல்லைக் காட்டு, இன்னும் காட்டு. அவ எழும்பி நிண்டு, அந்தச் சாம்பல் கோட்டை நான் ஒருக்காப் போட்டுப் பாக்கட்டோ எண்டு கேட்டா. படமெடுக்கிறவள் சிரிச்சுப்போட்டு, உனக்கு அது சரிவராது, உன்னிலை ஒரு காட்டுச் சக்தி இருக்கு எண்டாள். விடிய எழும்பி ட்ராம் பிடிச்சுப் போய், சனத்தின்ரை இரத்தத்தை மெசினிலை சுத்தம் பண்ணி அனுப்புற பிள்ளைக்கு எங்காலை தம்பி காடு?

நீங்களும் இந்த நாட்டிலைதானே இருக்கிறியள், பாக்கிறேல்லையோ? யேசு பிறந்த நத்தார் வந்தால் பஸ் தரிப்பெல்லாம் விளம்பரப் படத்திலை கறுத்தத் தாய், மடியிலை காய்ஞ்ச பிள்ளை, காசு போடுங்கோ எண்டு. கோடை வந்தால் குடிக்கிற சாமானுக்கு ஆடுற கறுத்தப் பெட்டை. ஒண்டில் அழவேணும், ஒண்டில் ஆடவேணும். சும்மா ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிக்க ஒரு கறுத்தப் பொம்பிளையை விடமாட்டினம். அந்தக் கற்றலோக்கு வந்தாப் பிறகு, படமெடுக்கப் போறமெண்டால் அபேனா வாயை மூடிக்கொள்ளுவா. என்ன வடிவாய்ச் சிரிக்கிற பிள்ளை. எனக்குப் பத்தி எரியும்.

ஆனால் ஒண்டு. அவங்கள் மண்ணிலை கிடத்தினவங்களே ஒழிய, தலையை வெட்டேல்லை. வெட்டினது நாங்கள்.

றெக்ஸ் தந்த படமோ. தெரியும், அந்தக் கமெராக்காரன்தான் எடுத்தவன். தலையை மாத்தச் சொன்னது ஆர்? உண்மையைச் சொல்லுங்கோ. ம். நீங்கள்தான். சீலை நல்லாய் விழுந்திருக்கு, நிக்கிற நிலை நல்லாயிருக்கு, ஆள்தான் சரியில்லை. ஏன் தம்பி, சீலை ஏன் நல்லாய் விழுந்தது? அவவின்ரை தோளிலை கிடந்தபடியால் விழுந்தது. அந்தத் தோள் வேணும், இடுப்பு வேண்டாம், முகம் வேண்டாம், நிறம் வேண்டாம். கோழியோ தம்பி அவ, துண்டு துண்டாய்த் தெரிஞ்செடுக்க?

எங்கடை சனம் வாங்காதோ. சரி, உங்கடை சனத்தைத் திரும்பிப் பாருங்கோ. அந்தக் கண்ணாடிக்கு முன்னாலை நிக்கிற தாயும் மகளும் என்ன நிறம்? நான் என்ன நிறம்? காசுப்பெட்டியடியிலை நிக்கிற தங்கச்சி உங்கடை மனிசியெல்லோ? கோபிக்காதேங்கோ தங்கச்சி, நல்ல களையான முகம் உங்களுக்கு. உங்கடை முகத்தை ஒருநாளாவது இந்தச் சுவரிலை போட்டவரோ இவர்? இந்தக் கடையிலை எங்கடை நிறத்திலை ஒரு படம்தான் வந்திருக்கவேண்டியது, அதையும் வெள்ளையடிச்சுப் போட்டார். நாங்கள் வந்து, அந்தப் படத்தைப் பாத்து, எங்களிலை பிழை எண்டு நினைச்சு, சீலையோடை வெள்ளையாக்கிற கிறீமும் வாங்கிக்கொண்டு போறம். ஓம், அந்தத் தட்டிலை அடுக்கியிருக்கிறதைத்தான் சொல்லுறன்.

விலையிலை கழிவோ? எனக்குக் கழிவு தந்து வாயை மூடப் பாக்கிறியளோ? வேண்டாம். முழுக்காசும் தாறன், படத்தை இறக்குங்கோ.

அந்தப் பச்சைச் சீலை இருக்கெல்லே, வீடியோவிலை போட்டனீங்கள், மாம்பழக் கரை. அதைக் கண்டுபோட்டு அவ ஒரு மாசமாய் என்னை அரிச்சுக்கொண்டிருக்கிறா, இந்தக் கடைக்குத்தான் போகவேணும் எண்டு. வேறை கடைக்குப் போவம் எண்டு எவ்வளவோ சொல்லிப் பாத்தன். ஏன் எண்டு கேட்டா. என்னத்தைச் சொல்லுறது, உன்ரை தலையை வெட்டித் தொங்கவிட்டிருக்கினம் எண்டோ? என்ரை மகள் தேனுஜாவுக்குக் கலியாணம் தம்பி. ஆராத்தி எடுக்கப்போறது அபேனாதான். அதுக்குத்தான் சீலை.

ஓம், அவதான். முருங்கைக்காய் பாக்கிறது.

எனக்கு அவ என்ன முறை எண்டோ? கழுத்தைப் பாருங்கோ, அந்தப் படத்திலை. தலையை மாத்தினியள், கையை வெள்ளையாக்கினியள், இடுப்பை நெரிச்சியள். கழுத்திலை கிடக்கிற கொடியை மட்டும் அப்பிடியே விட்டிட்டியள். சீலைக்கு எடுப்பாய் இருந்திருக்கும். அந்தக் கொடிக்குப் பொன்னுருக்கினது எங்கடை வீட்டுக் குசினியிலை. ஆசாரியார் ஊதின புகைக்கு அலாம் அடிச்சு, மேல்வீட்டு ஜேர்மன்காரி ஓடி வந்தவ. என்ரை மகன் துவாரகன் கட்டின தாலி, தம்பி. கட்டி முடிய வாசலிலை நிண்டு எடுத்த படம். அது கற்றலோக்குக்கு முந்தி, அண்டைக்கு அவ வாயைத் திறந்து சிரிச்சவ. அதுக்குப் பிறகு ஒரு படத்துக்கும் அப்பிடிச் சிரிக்கேல்லை. அந்தச் சிரிப்பைத்தான் நீங்கள் வெட்டி எறிஞ்சனீங்கள்.

முதலே சொல்லியிருக்கலாமோ? சொல்லியிருக்கலாம். என்ரை மருமகள் எண்டு சொல்லாமலே கழட்டுவியளோ எண்டு பாத்தனான். ஆற்றையோ ஒரு பிள்ளை எண்டாலும் கழட்டத்தானே வேணும்.

இப்ப மன்னிப்புக் கேட்டு என்ன செய்ய. அங்கை பாருங்கோ, ரோட்டைக் கடந்து வாறா, கையிலை பையோடை. தங்கச்சி, நீங்களோ ஏறுறியள்? ஏறுங்கோ ராசாத்தி, நான் ஸ்ரூலைப் பிடிக்கிறன். ஆணியைத் தேடாதேங்கோ, நேரமில்லை. கிழிஞ்சாலும் காரியமில்லை, இழுங்கோ.