செதில் மேகத்துக்குள் போன புறா

வெள்ளைத்துரை: சத்தியமாச் சொல்றேன் சூரியா, இதுல ஒரு சொல்லு பொய்யின்னாலும் என் நாக்கு இட்லித்துணியோட ஒட்டிக்கிடட்டும். என் புறா இன்னும் மேலதான் பறக்குது.

சூரியபிரகாஷ்: எங்க சித்தப்பு? பந்தயத்துக்கு நான் நடுவரு. என் கண்ணுல படணும்ல?

வெள்ளைத்துரை: அந்தா... கெண்டச் செதிலா மேகம் அடுக்கியிருக்கே, அதுக்கு மேல.

சூரியபிரகாஷ்: பரவை ஊர்க்காரர் புறா இப்பத்தான் இறங்குச்சு. கடைசியா வானத்துல நிக்கிறது உங்களுதுதான். தெரிஞ்சா கப்பு உங்களுக்கு. தெரியலேன்னா பேர அடிச்சிருவேன்.

வெள்ளைத்துரை: அவசரப்படாதய்யா. போன வருசமும் இதே செதில் மேகம். என் புறா மீனுன்னு நெனச்சு ஒரு கொத்து கொத்திருச்சு. திருமங்கலத்துல மட்டும் மழ. பஸ் ஸ்டாண்டுல ஒரு பொம்பள கொடையத் தலைகீழாப் பிடிச்சு ரெண்டு கெண்ட வாங்கிட்டுப் போச்சு.

சூரியபிரகாஷ்: பொரிச்சாங்களா, கொழம்பா?

வெள்ளைத்துரை: கொழம்பு. உப்புத்தான் கொஞ்சம் தூக்கலாப் போடணும். மேகத்து மீனுல்ல...

சூரியபிரகாஷ்: சிரிக்க வைக்காதீங்க சித்தப்பு. நேரமாகுது.

வெள்ளைத்துரை: ஆகட்டும். பொழுது சாஞ்சாலும் இந்த மொட்டமாடிய விட்டு எறங்க மாட்டேன்.

சூரியபிரகாஷ்: எதுக்கு இம்புட்டு வீம்பு?

வெள்ளைத்துரை: இந்த வருசமும் கப்பு இல்லேன்னா, புறா அம்புட்டையும் உசிலம்பட்டி சந்தையில வித்துருவேன்னு மருமக சொல்லிருச்சுய்யா. கூண்டுக்குக்கூட வெல பேசிருச்சு.

சூரியபிரகாஷ்: அதுக்காக... காலையில றெக்கையில நான் ஊதா சீல் குத்தித்தான விட்டேன்? அந்தச் சீல் இருக்கிற புறா கண்ணுக்கு வரணும்.

வெள்ளைத்துரை: மேகத்துக்குள்ள போறப்ப அந்தச் சீலு மின்னுச்சு. நான் பார்த்தேன்.

சூரியபிரகாஷ்: அம்புட்டு ஒசரத்துல?

வெள்ளைத்துரை: ரெண்டு தடவ மின்னுச்சு.

நாகஜோதி: மாமா! காப்பி ஆறுது, எறங்கி வாரீகளா இல்லையா?

வெள்ளைத்துரை: வந்துட்டியா ஆத்தா? நீயே சொல்லு. அந்தச் செதில் ஓரத்துல ஒரு புள்ளி தெரியுதா, இல்லையா?

நாகஜோதி: புள்ளியெல்லாம் எதுக்கு மாமா... நான் புறா எதையும் விக்கல. கூண்டு கேட்டவர்கிட்டயும் வேணாம்னுட்டேன்.

வெள்ளைத்துரை: விக்கலையா? ஏன்... திடீர்னு?

சூரியபிரகாஷ்: அப்ப கப்பு யாருக்குக்கா?

நாகஜோதி: பரவைக்காரருக்கே குடுத்துருங்க தம்பி. நீங்க ஊதா சீல் குத்துன புறா காலையிலயே சன்னல் வழியா வந்து, என் பீரோ மேல முட்ட வச்சு அடகாக்குது... அதுக்கு என் பட்டுச்சேலைய மடிச்சுப் போட்டது எங்க மாமாதான்.